மயில்துத்தத்தில் ஒரு சிட்டிகை

சேந்தங்கரை,
வலங்கைமான் வழி,
6-8-1979

மதிப்புக்குரிய பேராசிரியர் பஞ்சநதம் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் வருபவை:

1. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் ஏன் எழுதுகிறேன்.
2. எங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் மேல்நிலை வகுப்பு.
3. மோல் பற்றி எனக்குள்ள சந்தேகம்.
4. மயில்துத்தச் சோதனை.
5. உங்கள் வீட்டு நெற்களத்தில் நடந்தது. அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் தொடர்பு கிடையாது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

இனி வரிசைப்படி எழுதுகிறேன்.

உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். கும்பகோணம் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரசாயனம் படித்தோம். நீங்கள் மேலே படித்துப் பேராசிரியராகி, ஓய்வும் பெற்றுவிட்டீர்கள். நான் பி.எஸ்ஸி.யோடு நின்று பிறந்த ஊரிலேயே வாத்தியாராகி, வருகிற மே மாதம் ஓய்வு பெறப் போகிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் இதைக் கேட்கத் தகுந்தவர் நீங்கள் ஒருவர்தான். வேறு யாராவது இருந்திருந்தால் அவருக்கு எழுதியிருப்பேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். உள்ளதை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

இரண்டாவது. இந்த ஜூனில் எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு திறந்தார்கள். இரசாயனத்துக்கு எம்.எஸ்ஸி. படித்த ஆசிரியர் வருவார் என்றார்கள், வரவில்லை. "ஆள் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்குங்க சார்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பதினாறு பேர் படிக்கிறார்கள். அதில் முக்கால்வாசி எங்கள் தெருப் பிள்ளைகள், நாற்று நட்டு, கதிர் அறுக்கிற வீட்டுப் பிள்ளைகள். இந்தப் பிரிவு நிலைக்காவிட்டால் அடுத்தது கும்பகோணம்தான். பஸ்ஸில் அனுப்பிப் படிக்கவைக்கக்கூடிய வீடுகள் இரண்டோ மூன்றோ. பெண் பிள்ளைகளை அனுப்பவே மாட்டார்கள்.

மூன்றாவது. நாம் படித்த காலத்தில் 'கிராம் மூலக்கூறு எடை' என்றார்கள். அது எடை, புரிந்தது. புதுப் புத்தகத்தில் மோல் என்பது ஒரு எண்ணிக்கை என்று போட்டிருக்கிறது. அவகாட்ரோ எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். சுழிகள் பலகை ஓரம் வரைக்கும் போயின. அப்துல் ஜலீல் என்ற பையன் கேட்டான்: "எண்ணவே முடியாதத எதுக்கு சார் எண்ணுறோம்?" நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது. ஒரு ஆசிரியர் மணிச் சத்தத்துக்கு மகிழ்ந்தால் அவர் ஓய்வுபெறும் நேரம் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

நான்காவது. நாம் செய்த அதே சோதனைதான். நீலப் படிகத்தைப் பீங்கான் மூசையில் போட்டு நிறுத்து, சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீர் போய் வெள்ளைப் பொடி மிஞ்சும். மறுபடி நிறுத்தால் குறைந்த எடைதான் நீர். நூற்றுக்கு முப்பத்தாறு வரவேண்டும். அதிலிருந்து, ஒரு தாமிர சல்பேட்டுக்கு எத்தனை நீர் மூலக்கூறு என்று கணக்கிட்டால் ஐந்து. 'நூற்றுக்கு எவ்வளவு' என்பதிலிருந்து 'ஒன்றுக்கு எத்தனை' என்பதற்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற அந்த ஒரு படி எனக்குச் சொல்ல வரவில்லை. நானே சரியாக ஏறியிருக்கிறேனா என்றும் சந்தேகம்.

ஐந்தாவது, மேலே எழுதியபடி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வ. இளையபெருமாள்

---

தஞ்சாவூர்,
14-8-1979

இளையா,

உன் கடிதத்தை வாங்கிப் பார்த்த என் வீட்டுக்காரி, "தாலுகா ஆபீஸ்லேருந்து ஏதோ நோட்டீஸ் வந்திருக்குங்க" என்றாள். நோட்டீஸ் இல்லை, பரீட்சைக்கு முதல் நாள் எனக்குச் சமன்பாடு சொல்லிக்கொடுத்து என்னைப் பாஸ் செய்யவைத்த ஆள் என்றேன். நம்பவில்லை. இன்னொரு முறை 'மதிப்புக்குரிய பேராசிரியர்' என்று எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மோலுக்கு வருகிறேன். முப்பது வருஷம் கல்லூரியில் நான் சொன்ன உதாரணம் இது. நாற்றுமுடி. நாற்றங்காலில் பறித்து, கைக்கு அடங்கின அளவைச் சேர்த்து முடியாகக் கட்டுகிறார்கள். ஒரு மா நிலத்துக்கு இத்தனை முடி என்றுதான் பேச்சே தவிர இத்தனை நாற்று என்று யாராவது பேசுகிறார்களா? தனி நாற்று எண்ணுவதற்கு மிகச் சின்னது, ஆகவே முடியாக எண்ணுகிறோம். அணுவும் அப்படித்தான். மோல் என்பது அணுக்களைக் கட்டின முடி. உன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதைச் சொன்னால் ஜலீல் வாயை மூடிக்கொள்வான்.

மயில்துத்தத்தை நிதானமாகச் சூடாக்கச் சொல். அவசரப்பட்டால் கறுத்துப்போகும். வெளுத்த பிறகு ஆறவிட்டு நிறுத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி நிறுக்க வேண்டும். எடை மாறாமல் நின்றால்தான் நீர் முழுவதும் போனதாக அர்த்தம்.

உன் ஐந்தாவது குறிப்பு. எழுதப் போவதில்லை என்பதற்கே வரிசை எண் போட்ட மனுஷன் நீ ஒருவன்தான். நானும் எழுதவில்லை. சரிதானே?

பஞ்சநதம்

---

சேந்தங்கரை,
20-9-1979

அன்புள்ள பஞ்சநதம் அவர்களுக்கு,

நலம். தங்கள் வீட்டில் அனைவரும் நலமென நம்புகிறேன். இங்கே ஆற்றில் தண்ணீர் குறைவில்லை. சம்பா நடவு நடக்கிறது.

தங்கள் நாற்றுமுடியை வகுப்பில் நட்டேன். வேர் பிடிக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சொல்லி முடித்ததும் கமலவல்லி என்ற பெண் எழுந்தாள். "சார், எங்கம்மா நாத்துப் பறிக்கிறவங்க. அவங்க கட்டுற முடி வேற, பெரியம்மா கட்டுற முடி வேற. எங்கம்மா கை சின்னது. முடிக்கு இத்தனை நாத்துன்னு எண்ணி யாரு சார் கட்டுறா?"

ஜலீல் விடுவானா. "அப்ப மோலும் ஆளுக்கு ஆள் மாறுமா சார்? பெரிய வாத்தியாரு மோலு பெருசா இருக்குமா?"

வகுப்பு சிரித்தது. ஒரு பெரிய பேராசிரியர் சொன்ன உதாரணம் இது என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். நடவு வயலில் கால் வைத்தவர்கள் கேட்கும் கேள்வி உங்கள் கல்லூரியில் எழுந்திருக்காது.

அன்று சாயங்காலம் கொடிக்கால் வழியாக வீட்டுக்குப் போனேன். வெற்றிலையை அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார்கள். கவுளிக்கு நூறு. ஒன்று குறைந்தாலும் கும்பகோணத்து வியாபாரி விடமாட்டான். அங்கேயே நின்றுவிட்டேன். மறுநாள் கொழுந்து வெற்றிலையில் ஒரு கவுளியும் முதிர்ந்த இலையில் ஒரு கவுளியும் வாங்கிப்போய், மளிகைக்கடைத் தராசில் தட்டுக்கு ஒன்றாக வைத்தேன். முதிர்ந்தது கீழே போயிற்று.

"ரெண்டும் நூறுதானே, ஏன் சாயுது?"

"எல கனம் சார்."

"ஒரு கூடை கொழுந்து இருக்கு. எண்ணக் கூடாது. எத்தனை கவுளின்னு எப்படிச் சொல்லுவே?"

கமலவல்லி சொன்னாள்: "ஒரு கவுளி என்ன எடைன்னு தெரியுமில்ல சார். கூடைய நிறுத்து அதால வகுத்துட்டாப் போச்சு."

ஜலீல் சற்று நேரம் தலையைச் சொறிந்தான். "அப்ப மோலுங்கறது எண்ணாமலே எண்ணுறதுக்கு." தண்ணீர் ஒரு கவுளி பதினெட்டு கிராம், நீர் போன தாமிர சல்பேட் ஒரு கவுளி நூற்று ஐம்பத்தொன்பதரை கிராம் என்று பலகையில் எழுதினேன். அன்றிலிருந்து வகுப்பில் மோலுக்குக் கவுளி என்றே பெயர். பரீட்சையிலும் அப்படி எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இனி கஷ்டம். ஜனவரியில் கல்வி அதிகாரிகள் வருகிறார்கள். புதிதாகத் திறந்த அறிவியல் பிரிவுகளில் செய்முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பார்களாம். திருப்தி இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் எங்கள் பிரிவை எடுத்து டவுன் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். எழுத்தில் வந்துவிட்டது. அவர்கள் பார்க்கப்போவது மயில்துத்தச் சோதனைதான்.

பதினைந்து பேருக்கு முப்பத்தாறை ஒட்டி வருகிறது. ஜலீல் ஒரு முறை கறுக்கவிட்டான், பிறகு திருந்திவிட்டான். கமலவல்லிக்கு மட்டும் முப்பத்து மூன்று வருகிறது. எப்போது செய்தாலும் அதைச் சுற்றித்தான். கணக்குப் போட்டால் ஒரு தாமிர சல்பேட்டுக்கு நாலும் சொச்சமும் நீர். "சொச்சத்தைத் தள்ளிட்டு நாலுன்னு போட்டுக்கலாமா சார்?" என்று கேட்கிறாள். கணக்கில் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். அதிகாரிகள் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று தலைமையாசிரியர் முடிவே செய்துவிட்டார். நான் சொல்லிக்கொடுத்ததில்தான் பிழையா என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இதையும் எழுதிவிட வேண்டும். கமலவல்லி என் அண்ணன் வீரையனின் பேத்தி. மகள் காத்தாயியின் பெண். வீட்டில் என்னைத் தாத்தா என்பாள், பள்ளியில் சார்.

இப்படிக்கு,
இளையபெருமாள்

---

தஞ்சாவூர்,
2-10-1979

இளையா,

கவுளியைக் கேட்டதும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு என் வீட்டுக்காரியிடம் வாசித்துக்காட்டினேன். முப்பது வருஷமாக நான் பையன்களுக்குத் தப்பான உதாரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒருத்தன் கேட்கவில்லை. உன் கமலவல்லிக்கு என் வணக்கத்தைச் சொல். தினம் ஒரு கவுளி மென்றவனுக்கு அது தோன்றவில்லை பார்.

முப்பத்து மூன்றுக்கு வருகிறேன். ஒரு முறை கூடி ஒரு முறை குறைந்தால் கைத் தடுமாற்றம். ஒரே பக்கமாகவே சாய்ந்தால் ஏதோ ஒன்று தவறாமல் நடக்கிறது என்று அர்த்தம். சூடு போதவில்லையா? மறுபடி சூடாக்கியும் எடை மாறவில்லை என்றால் அது இல்லை. படிக்கல்லா? அதே படிக்கல்லில் மற்றவர்களுக்குச் சரியாக வருகிறது. மூசையா? மாற்றிப் பார். அதுவும் இல்லையென்றால் பொருளையும் கருவியையும் விட்டுவிடு. எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பார். வாயைத் திறக்காதே. நீ வாயைத் திறந்தால் அவள் சரியாகச் செய்வாள், நமக்கு ஒன்றும் தெரியாது.

நீ சொல்லிக்கொடுத்ததில் பிழை இருந்தால் பதினாறு பேருக்கும் முப்பத்து மூன்று வந்திருக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கு உனக்குப் புரியாதா? உன்மேல் சந்தேகப்படுவதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறாய். கல்லூரியிலும் அப்படித்தான். முதல் மார்க் வாங்கிவிட்டு, கூட்டலில் தப்பு இருக்கும் என்று போய்க் கேட்டவன் நீ.

வீரையன் பேத்தி என்று எழுதியிருந்தாய். வாசித்தேன்.

பஞ்சநதம்

---

சேந்தங்கரை,
12-11-1979

அன்புள்ள பஞ்சநதம் அவர்களுக்கு,

மூசையை மாற்றினேன். படிக்கல்லை மாற்றினேன். பிறகு நீங்கள் சொன்னபடி எதிரே உட்கார்ந்து கையைப் பார்த்தேன்.

ஒரு தட்டில் மூசையின் எடைக்கு மேல் ஐந்து கிராம் படிக்கல் வைத்து, எதிர்த்தட்டு மூசையில் மயில்துத்தத்தைக் கொட்டி, முள் நடுவில் நிற்கிற வரைக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டாள். மற்ற யாரையும்விட நன்றாகச் செய்தாள். நோட்டில் எடையை எழுதினாள். எழுதிவிட்டு, மூசையை எடுப்பதற்கு முன், இரண்டு விரலால் ஒரு சிட்டிகை அள்ளி மேலே போட்டாள். போட்டது அவளுக்கே தெரியாது. பேச்சு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, கை அது பாட்டுக்குப் போட்டது.

நிறுத்தபின் சேர்த்த சிட்டிகை நோட்டில் இல்லை, மூசையில் இருக்கிறது. சூடாக்கியபின் மிச்சம் கூடுதலாக நிற்கும். அதனால் போன நீர் குறைவாகத் தெரியும். அந்தச் சிட்டிகையை நிறுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், முப்பத்து மூன்று கச்சிதமாக வந்தது.

"ஏம்மா, இப்ப மேல போட்டியே, அது என்ன?" என்றேன்.

கையைப் பார்த்துக்கொண்டாள். "போட்டனா சார்?" பிறகு சிரித்துவிட்டாள். "எங்கம்மா அப்படித்தான் சார். அரிசி கைமாத்து குடுத்தாலும் சரி, உப்பு குடுத்தாலும் சரி, அளந்தப்புறம் ஒரு புடி மேல வைக்கணும். மொட்டையா அளந்து குடுத்தா விளங்காதும்பாங்க. தாத்தாவும் அதான் சொல்லும்."

தாத்தா என்றது என் அண்ணனை.

'நிறுத்தபின் சேர்க்காதே. அளவென்றால் அளவு' என்று ஒரு வரி சொன்னால் போதும், அவள் கணக்கு சரியாகிவிடும். சொல்லப் போனேன். ஒன்றரை வாரமாகச் சொல்லாமலே இருக்கிறேன். ஏன் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும், என் ஐந்தாவது குறிப்பை மீறி.

ஆட்சி மாறிய வருஷத்துத் தை அறுவடை. உங்கள் அண்ணன் களம். கூலி நெல் அளக்கும்போது மரக்காலைக் குவித்து அளக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். வீரையன்தான் முன்னால் நின்றார். உங்கள் அண்ணன் சத்தம் போட்டார். நீங்கள் விடுமுறைக்கு வந்திருந்தீர்கள். நானும் அங்கே இருந்தேன். "படிச்ச பிள்ளை, நீயே சொல்லுடா" என்று உங்கள் அண்ணன் உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் கோலை வாங்கி, மரக்கால் வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்து, குவிந்த நெல்லைக் கீழே தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்: "அளவுன்னா தலை தட்டினாத்தான் அளவு. மத்ததெல்லாம் தானம்."

எங்கள் அண்ணன் நெல்லைத் தொடாமல் களத்தை விட்டு இறங்கினார். பின்னாலேயே எல்லோரும். நீங்கள் வெளியூர் ஆட்களை இறக்கினீர்கள். அந்தக் களத்தில் அவருக்கு வேலை இல்லை என்றாயிற்று. முத்துப்பேட்டையில் ராசு என்பவரிடம் படகு வேலைக்குப் போய், கடலே பார்க்காத மனுஷன், இரண்டு வருஷம் கழித்து உப்பில் வெந்த கையோடு திரும்பினார். நான் உங்களுக்கு எழுதுவதை நிறுத்தினேன்.

இப்போது அவர் பேத்தியிடம், அவர் தம்பி நான், நீங்கள் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அன்று சொன்னது இரசாயனப்படி சரிதானே என்று இத்தனை வருஷம் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அதுதான் என்னை அதிகம் சுட்டது. சரியான ஒரு வாக்கியத்துக்காக நான் ஒரு நண்பனை விட்டேனா?

இளையபெருமாள்

---

தஞ்சாவூர்,
3-12-1979

இளையா,

பதில் எழுதத் தாமதம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சொன்னேன். நீ எழுதியபடியேதான் சொன்னேன், ஒரு சொல் கூடுதலில்லை, குறைவில்லை. இன்று தராசு முன்னால் யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தட்டினால்தான் அளவு. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல். அவள் கை தப்பு செய்கிறது. நீ சும்மா இருந்தால் பதினாறு பேர் படிப்பு போகும். அதிகாரிகள் வரப்போகிறார்கள், நீ பழைய களத்தில் நின்றுகொண்டு இருக்கிறாய்.

நீ ஒன்றை விட்டுவிட்டாய். மறந்திருக்க மாட்டாய், என்னைக் காப்பாற்றுவதற்காக விட்டிருக்கிறாய். களத்தை விட்டு இறங்கும்போது வீரையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "எங்க குத்தகை நெல்லைக் குவிச்சுக் குவிச்சு வாங்குனீங்களே, அன்னிக்கு இந்தக் கோலு எங்கங்க போச்சு, சின்னய்யா?"

வீரையன் எங்களிடமே கொஞ்சம் நிலம் குத்தகைக்குச் செய்தான் என்பது உனக்குத் தெரியும். அந்த நெல்லை என் அண்ணன் எப்படி அளந்து வாங்கினார் என்பதும் தெரியும்.

நான் பதில் சொல்லவில்லை. அன்றும் இல்லை, இப்போதும் இல்லை.

பெண்ணிடம் சொல்லிவிடு.

பஞ்சநதம்

---

சேந்தங்கரை,
10-2-1980

அன்புள்ள பஞ்சநதம்,

இந்தக் கடிதத்துக்கு வரிசைக் குறிப்பு போடவில்லை. நேராக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் கமலவல்லியைத் தராசு முன்னால் உட்காரவைத்தேன். நீ சொல்லச் சொன்ன வாக்கியத்தைச் சொல்லவில்லை. அது தேவையில்லை என்று முந்தின நாள் மதியமே புரிந்துவிட்டது. ஒரு கிராம் மயில்துத்தம் எடுத்தாலும் நூற்றுக்கு முப்பத்தாறு நீர். ஒரு மூட்டை எடுத்தாலும் முப்பத்தாறு. நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கின் பெருமையே அதுதான். எவ்வளவு எடுத்தாய் என்று அது கேட்பதில்லை. இதை நான் எத்தனையோ வருஷம் பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் வாசித்தேன்.

"கமலவல்லி, அந்தச் சிட்டிகைய நீ போடலாம்" என்றேன்.

"போடக் கூடாதுன்னு சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன் சார்."

"போடு. போட்டுட்டு நிறு. நிறுத்துட்டு எழுது. உன் கைக்கு எது கூடுதலா வருதோ அதுவும் சேர்ந்துதான் எடை."

"அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான். அன்று அவளுக்கு முப்பத்தாறு புள்ளி இரண்டு. கவுளிக் கணக்கில் ஐந்து.

தேர்தலால் தள்ளிப்போன அதிகாரிகள் போன வாரம் வந்தார்கள். அறுப்பு நேரம், பாதிப் பிள்ளைகள் வயலுக்குப் போயிருப்பார்களோ என்று பயந்தேன். பதினாறு பேரும் வந்திருந்தார்கள். கூட வந்தவர்களில் நஃபீசா என்று ஒரு அம்மா, இரசாயன ஆசிரியை. கண் கூர்மையானவர். கமலவல்லி எதிரில் போய் நின்றுகொண்டார். நான் ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

"முள்ளுதான் நடுவுல நின்னுடுச்சே, மறுபடியும் ஏம்மா போடுறே?"

"இன்னும் எழுதலங்க மேடம். போட்டுட்டுத்தான் எழுதுவேன்."

"அஞ்சு கிராம் எடுக்கணும்னு புத்தகத்துல இருக்கே?"

"அஞ்சு எடுத்தாலும் அஞ்சே கால் எடுத்தாலும் தண்ணி நூத்துக்கு முப்பத்தாறுதாங்க. எவ்வளவு எடுக்குறோம்கறது ஒண்ணுமில்லீங்க. எடுத்ததையெல்லாம் எழுதணும், அதான்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "யாரு சார் சொல்லிக் குடுத்தது?" என்றார். அவளாகவே என்று சொன்னேன். பிறகு, நானும்தான் என்று சேர்த்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது முதல் தடவை. "மோல்னா என்ன?" என்று கேட்டதற்கு ஜலீல் முந்திக்கொண்டு "கவுளிங்க மேடம்" என்றான். அதை விளக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. போகும்போது அவரும் இரண்டு கவுளி வாங்கிக்கொண்டு போனார், தன் வகுப்புக்காம். பிரிவு இங்கேயே இருக்கும் என்று நேற்று உத்தரவு வந்துவிட்டது. எம்.எஸ்ஸி. ஆசிரியரும் ஜூனில் வருகிறாராம்.

இனி உன் விஷயம். நீ எனக்கு எழுதவில்லை, ஆனால் தெரிந்துகொண்டேன். என் அண்ணன்தான் வந்து சொன்னார். நீ பொங்கல் கழிந்து சேந்தங்கரைக்கு வந்தாயாம். உரக்கடையிலிருந்து மேடைத் தராசை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து உன் அண்ணன் மகன் களத்தில் இறக்கினாயாம். "கூலியும் இதுலதான், குத்தகையும் இதுலதான். ஒரே தராசு" என்றாயாம். அவன், "வெயில்ல நிக்காதீங்க சித்தப்பா, உள்ள போயி மோர் குடிங்க" என்றானாம். நீ மோர் குடிக்கப் போகாமல் பொழுது சாய்கிறவரை நின்றாயாம்.

"அப்புறம்?" என்றேன்.

"ஐயா நின்ன வரைக்கும் தராசு. ஐயா பஸ் ஏறுனதும் பழைய மரக்கா" என்றார் அண்ணன். சிரித்தார். "ஆனா அன்னிக்கி நிறுத்தது நிறுத்ததுதான். பன்னெண்டு வருசம் கழிச்சு ஐயாவுக்குக் கணக்கு வந்திருக்கு. மெதுவாத்தான் வரும், படிச்சவரில்ல."

உன்னிடம் ஏதாவது பேசினாரா என்று கேட்டேன். பேசவில்லையாம். நீயும் பேசவில்லையாம். வண்டியிலிருந்து தராசை இறக்க மட்டும் அவர் ஒரு கை கொடுத்தாராம்.

பஞ்சநதம், நீ அன்று சொன்னது தவறு. இதை இப்போது தயக்கமில்லாமல் எழுத முடிகிறது. அளவென்றால் தலை தட்டுவது என்றாய். இல்லை. தட்டி அளக்கலாம், குவித்தும் அளக்கலாம். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் ஒன்றாக இருந்தால் இரண்டும் அளவுதான். கையை விட்டுப் போனது முழுவதும் கணக்கில் வரவேண்டும், அவ்வளவே. களத்தில் பிழை குவியலில் இல்லை, கணக்கில் இருந்தது. என் அண்ணனின் கேள்விக்கு இதுதான் பதில். இனிமேல் உன்னிடம் பதில் இல்லை என்று எழுதாதே.

சரியான ஒரு வாக்கியத்துக்காக நண்பனை விட்டேனோ என்று எழுதியிருந்தேன். இல்லை, தவறான வாக்கியத்துக்காகத்தான் விட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. இத்தனை வருஷம் அதைத் தவறு என்று உன்னிடம் சொல்லத் தெரியாமல் இருந்ததில்தான் வருத்தம்.

மே மாதக் கடைசியில் பள்ளியில் எனக்கு ஒரு சின்னக் கூட்டம் வைக்கிறார்கள். நீ வரவேண்டும். மேடையில் உட்கார வேண்டாம், ஜலீல் பக்கத்தில் உட்கார். வெற்றிலை நான் வாங்கிவைக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள்.

கடைசியாக ஒரு திருத்தம். என் முதல் கடிதத்தை நீ வைத்திருப்பாய், எதையும் தூக்கிப்போடுகிறவன் இல்லை நீ. அதை எடுத்து ஐந்தாவது குறிப்பை அடித்துவிடு. உங்கள் களத்தில் நடந்ததற்கும் நான் கேட்டதற்கும் தொடர்பு கிடையாது என்று எழுதியிருந்தேன். அது தவறு.

உன்,
இளையா